பழைய டீசல் காருக்கு எந்த ஒயில்: 15-40ஆ, 20-50ஆ, சிந்தெற்றிக்கா?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய டீசல் கார்களுக்கு நாடு முழுக்கக் கிராக்கி ஏறியது. 2025இல் தடையை எடுத்தும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் பழையதைத் திருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்த ஆட்களில் ஒருவன்தான். என்னிடம் இருப்பது 2சி என்ஜின் போட்ட ரொயோட்டா கொரோலா. 1974 சிசி, ரேர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை. ஒயிலும் தண்ணியும் சரியாகப் பார்த்தால் இன்னும் பல வருடம் ஓடும். எந்த ஒயில் என்பதில்தான் ஆளுக்கொரு கதை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊற்றுவது 15டபிள்யூ-40, கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்த சாதாரண மினரல் ஒயில், போத்தலில் ஏபிஐ சிஐ-4 என்ற டீசல் ஒயில் தரக் குறி போட்டிருக்க வேண்டும். கிளிநொச்சியில் நான் போகும் கராச் அண்ணைக்கு இதில் உடன்பாடு இல்லை. "பழைய என்ஜின் தம்பி, தண்ணி மாதிரி ஒயில் நிக்காது. இருவது அம்பது ஊத்து" என்பார். கொழும்பில் இருக்கிற மச்சான் அதற்கு நேரெதிர். செயற்கையாகத் தயாரிக்கிற முழுச் சிந்தெற்றிக் ஒயிலை ஊற்றினால் என்ஜினைப் பற்றி மறந்தே போகலாம் என்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் என் காருக்கு, என் பாதைக்கு, என் கைக்காசுக்குப் பொருந்தவில்லை.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் என்ஜின் திருப்பும்போது ஒயில் எப்படி என்பது. 15டபிள்யூவைச் சோதிப்பது சைபருக்குக் கீழே 20 பாகையில், 20டபிள்யூவை 15 பாகையில். மார்கழிப் பனியில்கூட வன்னியில் அந்தக் குளிரை யாரும் காணப்போவதில்லை. பின்னால் உள்ள எண் 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. 40 என்றால் 12.5இலிருந்து 16.3 சென்ரிஸ்ரோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு) வரை, 50 என்றால் 16.3இலிருந்து 21.9 வரை. அதாவது 40 என்பது தண்ணி இல்லை. இந்த வெயிலுக்கு அது தாராளமாகக் காணும்.

20-50ஐ எடுத்துக்கொள்வோம். அது கூடாத ஒயில் இல்லை. சூடான நாடுகளுக்கு அதைப் பல உற்பத்தியாளர்களே அனுமதித்திருக்கிறார்கள். பிஸ்ரன் ரிங் தேய்ந்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கிற என்ஜின் என்றால், அல்லது சூடேறி ஐடிலில் நிற்கும்போது ஒயில் லைற் மினுங்குகிறது என்றால், 20-50 ஊற்றிக்கொண்டு என்ஜின் வேலைக்குக் காசு சேர்ப்பதுதான் புத்தி. அந்த நிலையில் உள்ளவர்களோடு எனக்கு வாதம் கிடையாது.

ஆனால் கார் பழையது என்ற ஒரே காரணத்துக்காகத் தடித்த ஒயில் வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். வயது வேறு, தேய்மானம் வேறு. 2சியில் வால்வுகளைத் திறந்து மூடுகிற காம் சாஃப்ற் மேலே என்ஜின் தலையில் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஒயில் என்ஜினின் அடித்தொட்டியான சம்பிலிருந்து அவ்வளவு தூரம் ஏறவேண்டும். ஒயில் தடித்தால் ஏறுவது சுணங்கும். இன்னொன்று பலர் கவனிக்காதது: ஒயில் பில்ற்றருக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. ஒயில் தடித்து பில்ற்றரால் வேகமாகப் போக முடியாவிட்டால் அந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலை நேரே உள்ளே விட்டுவிடும். என்ஜினுக்கு ஒயிலே இல்லாமல் போவதைவிட அது மேல் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் புழுதி குடித்து ஓடுகிற காரில் வடிகட்டாத ஒயில் சுற்றுவது நல்லதில்லை.

விற்கிறவர்களுக்கும் 20-50 பிடிக்கும். புகையும் சத்தமும் கொஞ்ச நாளுக்கு அடங்கும். அதனால் பழைய டீசல் கார் பார்க்கப் போனால் சைலன்சரை மட்டும் பார்க்காதீர்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, திறந்த வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். மூடி கிடந்து இலேசாக அதிர்ந்தால் பயமில்லை. துள்ளி விழுந்தாலோ, வாயால் குபுகுபுவென்று புகை வந்தாலோ, உள்ளே எந்த ஒயில் இருந்தாலும் ரிங் போய்விட்டது என்று விலையைப் பேசலாம்.

இனிச் சிந்தெற்றிக். ஒயில் என்ற அளவில் அதுதான் சிறந்தது. அதில் பேச்சுக்கு இடமில்லை. சூட்டில் சீக்கிரம் கெடாது, குளிரில் இலகுவாக ஓடும், நாள்பட உழைக்கும். விலை மினரலைப்போல் இரண்டு மடங்கு, சிலதில் அதற்கும் மேல். அந்தக் கூடுதல் காசுக்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த நாள்பட்ட உழைப்புத்தான். பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடலாம் என்று நம்பித்தான் அதை வாங்குகிறோம்.

வன்னியில் ஓடுகிற பழைய டீசல் காரில் அந்தப் பத்தாயிரத்தை ஓட முடியாது. என் தெரிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான்.

முதல் காரணம் டீசல். பெற்றோல் செற்றில் நாங்கள் அடிப்பது பெரும்பாலும் ஒட்டோ டீசல் என்ற சாதாரண டீசல். யூரோ 4 தரத்தில் வருகிற சுப்பர் டீசலைவிட அதில் கந்தகம் பல மடங்கு அதிகம். சுப்பர் அடிக்கலாம்தான், ஆனால் விலையைப் பார்த்தால் கை தானாகவே மற்றப் பம்புக்குப் போகும். கந்தகம் எரிந்து வருகிற வாயு, ரிங்கைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை முறிக்கத்தான் டீசல் ஒயிலில் காரச் சேர்மானம் போடுகிறார்கள். போத்தல் விபரத்தில் ரிபிஎன் என்று வருவது அதன் அளவு. ஓட ஓட அது குறைந்துகொண்டே போகும். அடிப்படை ஒயில் சிந்தெற்றிக்காக இருந்தாலும் மினரலாக இருந்தாலும் அமிலத்தை முறிப்பது அந்தச் சேர்மானம்தான். அது தீர்ந்த பிறகு விலை கூடிய ஒயில் என்று பெயர் மட்டும் மிஞ்சும், பெயரிங்கை அமிலம் தின்னும்.

இரண்டாவது கரி. 2சி மாதிரிப் பழைய இன்டிரெக்ற் இன்ஜெக்சன் (டீசலை நேரே சிலிண்டருக்குள் அடிக்காமல் ஒரு சின்ன முன்னறைக்குள் அடிக்கிற) என்ஜின்கள் கரியை ஒயிலுக்குள் நிறையவே தள்ளும். ஒயில் மாற்றிய மறுநாளே ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் கறுப்பாக இருக்கும். அதைப் பார்த்துக் கடைக்காரனோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை. கரியை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைத்திருப்பதுதான் ஒயிலின் வேலை. கறுத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நாளைக்கு மிதக்க வைக்கும் என்பதுதான் கேள்வி. இதை வீட்டிலேயே பார்க்கலாம். சூடான என்ஜினில் கம்பியை இழுத்து, ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு, ஒரு இரவு காய விடுங்கள். துளி பரந்து, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் சாம்பல் நிறமாக மெல்ல மங்கிக்கொண்டு போனால் ஒயிலில் இன்னும் சத்து இருக்கிறது. நடுவில் ஒரு கரும்புள்ளி கூரான விளிம்போடு நின்று, சுற்றிவர வெறும் எண்ணெய் வட்டம் மட்டும் பரந்திருந்தால் கரி திரளத் தொடங்கிவிட்டது. என் காரில் நாலாயிரம் கிலோமீற்றரில் விட்ட துளி அழகாகப் பரந்தது. ஐயாயிரத்தைத் தாண்டி ஓட விட்டபோது நடுப்புள்ளி இறுகத் தொடங்கியிருந்தது. இது ஆய்வுகூடச் சோதனை இல்லை, ஆனாலும் எனக்கு அது போதும்.

மூன்றாவது ஓட்டம். ஏ9 நெடுஞ்சாலையில் வவுனியாவுக்கு ஒரே இழுவையில் போய் வருவது என்ஜினுக்கு நல்லது. ஆனால் என் காரின் பாதி ஓட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, சந்தைக்குப் போவது, வயலுக்குப் போய் வருவது. என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். சம்புக்குள் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை.

இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால், எந்த ஒயிலை ஊற்றினாலும் நாலாயிரம், ஐயாயிரத்தில் இறக்கியே ஆகவேண்டும். அப்படி இறக்கப்போகிற ஒயிலுக்கு இரட்டை விலை எதற்கு? ஒரு சிந்தெற்றிக் மாற்றுகிற காசில் மினரலைப் பில்ற்றரோடு இரண்டு தடவை மாற்றலாம். அதற்கும் மேலே ஒரு ஆபத்து இருக்கிறது: விலை கூடிய ஒயிலை ஊற்றியவனுக்கு அதை இறக்க மனம் வராது. "இன்னும் ஆயிரம் ஓடட்டும்" என்று நாளைக் கடத்துவான். மலிவான ஒயிலைத் தயங்காமல் இறக்கலாம்.

சிந்தெற்றிக் ஊற்றினால் பழைய சீல்களால் ஒழுகும் என்ற பேச்சும் இருக்கிறது. நான் அதை நீண்ட காலம் ஓட்டிப் பார்த்தவன் இல்லை, அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன். 5-30 போல மெல்லிய ஒயில் ஏற்கெனவே இருக்கிற வெடிப்பைத் தேடிப்பிடித்துக் காட்டும் என்பதுவரை நம்புகிறேன். ரேர்போ வைத்த என்ஜின் என்றால் கதை வேறு. அங்கே ஒயிலுக்கு விழுகிற சூடு அதிகம், சிந்தெற்றிக்கோ செமி சிந்தெற்றிக்கோ காசுக்கு வேலை செய்யும். ஆனாலும் இறக்குகிற கணக்கை நீட்டாதீர்கள்.

15-40க்கு வன்னியில் இன்னொரு பலமும் இருக்கிறது. உழவு இயந்திரம், அறுவடை மெசின், ரிப்பர், பஸ் என்று எல்லாமே இதைத்தான் குடிக்கின்றன. மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, எங்கே ஒயில் குறைந்தாலும் கிட்டிய உதிரிப்பாகக் கடையில் போத்தல் இருக்கும். டெலோ, சேர்வோ, ரிமுலா, காஸ்ற்றோல் எதுவென்றாலும் சிஐ-4 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் சரி. அவசரத்துக்கு அரை லீற்றர் வேறு பிராண்டில் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. அறுவடைக் காலத்தில் சரக்கு வேகமாக ஓடுவதால் பழசு கிடக்கிற பயமும் குறைவு. பரலிலிருந்து அளந்து தருகிற, டபிள்யூ எண் இல்லாத வெறும் 40 ஒயிலை மட்டும் வேண்டாம் என்பேன். லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு அது போதும். காருக்குச் சீல் உடையாத கான்தான்.

சிஐ-4 என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது 2002இல் வந்த தரம், கந்தகம் 0.5 சதவீதம் வரை உள்ள டீசலையும் மனதில் வைத்து எழுதியது. அதற்குப் பிறகு வந்த சிஜே-4, சிகே-4 இரண்டும் புகைவடிகட்டி பூட்டிய புது என்ஜின்களையும் கந்தகம் இல்லாத டீசலையும் நினைத்துச் செய்தவை. வடிகட்டி அடைபடாமல் இருக்கச் சாம்பல் கட்டும் சேர்மானங்களுக்கு அதில் வரம்பு இருக்கிறது. அந்தச் சேர்மானங்களில்தான் அமிலத்தை முறிக்கிற காரமும் அடக்கம். ஆகவே புதிய எழுத்து எல்லாம் நமக்கு நல்லது என்று இல்லை. கடையில் சிகே-4 மட்டும்தான் இருக்கிறது என்றால் ஊற்றலாம், கெடுதல் இல்லை. புகைவடிகட்டி உள்ள புதிய டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் மறுபக்கமாகக் கவனிக்க வேண்டும். சிஐ-4 அதற்கு ஆகாது. ஹைபிரிட் காருக்கு வைத்திருக்கிற பெற்றோல் ஒயில், எஸ் எழுத்து மட்டும் போட்டது, பழைய டீசல் பக்கமே வரக்கூடாது.

இவ்வளவு ஒயில் பேசியவன் எயார் பில்ற்றரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கிரவல் வீதியில் ஒரு ரிப்பருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பில்ற்றர் பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக இருக்காவிட்டால் அந்த மண் நேரே சிலிண்டருக்குள்தான். பெட்டியைத் திறந்து, பில்ற்றரின் சுத்தமான பக்கத்துக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் செம்புழுதி ஒட்டினால் ஒயில் பிராண்டைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைத் திருத்துங்கள்.

இறக்கிய ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூசுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. பூசுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கிணற்றடிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். மிச்சத்தை நிலத்தில் ஊற்றாமல், சேர்க்கிற கராச்சில் கொடுப்பது நல்லது.

இப்போது 20-50 ஊற்றி ஓட்டுபவர்கள் 15-40க்கு வர விரும்பினால் அவசரப்பட்டு இறக்க வேண்டியதில்லை, அடுத்த தவணை வரும்போது மாற்றினால் போதும். என்ஜினைச் சூடாக்கி, முழுவதும் வடியவிட்டு, புது பில்ற்றரோடு ஊற்றுங்கள். முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குக் கிழமைக்கு ஒரு முறை, காலையில் என்ஜின் திருப்ப முன்னம், சமதரையில் கம்பியைப் பாருங்கள். ஆயிரத்துக்குள் கால் லீற்றர், அரை லீற்றர் குறைந்தால் பழைய டீசலுக்கு அது சாதாரணம், ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓடலாம். ஒரு லீற்றரைத் தொட்டால் உங்கள் கராச் அண்ணை சொன்னதுதான் சரி. திரும்ப 20-50க்குப் போய், ரிங் மாற்ற எவ்வளவு ஆகும் என்று அவரிடமே கேட்டு வையுங்கள்.