பிங் ஜி430 மேக்ஸ் 5 வுட்: செம்மண் தரையிலும் கடற்காற்றிலும்

கோல்ஃபில் ஃபேர்வே வுட் (தரையில் கிடக்கும் பந்தை நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) ஒன்றை மதிப்பிடும்போது, அது அதிகபட்சம் எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதை இரண்டாவதாகப் பார்த்தால் போதும். பந்தைத் தாங்கும் டீ ஆணி இல்லாமல் தரையில் கிடக்கும் பந்தை அது எவ்வளவு எளிதாக மேலே எழுப்புகிறது, எழுந்த பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. பிங் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட ஜி430 மேக்ஸ் வரிசையின் 5 வுட்டை, கோடையும் மழைக்காலமும் கடந்து ஆடிப் பார்த்தபின், இந்த இரண்டிலும் அது தேறிவிட்டது என்று தயக்கமின்றிச் சொல்வேன். பயிற்சி, புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டுப் பக்கம் உறவினர் ஒருவரின் தரிசு நிலத்தில். ஆட்டம், உறுப்பினரான நண்பர் அழைக்கும்போது, சென்னை நந்தனத்தில் உள்ள காஸ்மோபாலிட்டன் கிளப் திடலில்.

இந்த வரிசையில் 3 வுட்டின் லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) 15 டிகிரி, 5 வுட்டுக்கு 18, 7 வுட்டுக்கு 21, 9 வுட்டுக்கு 24. மிக அதிகத் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவருக்கு அடுத்தபடி 3 வுட் வாங்குவதுதான் முறை என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பந்தின் பறப்பை அளக்கும் ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்டு நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் சராசரிப் பட்டியலில் 3 வுட்டின் கேரி (பந்து தரை தொடுமுன் காற்றில் கடக்கும் தூரம்) 243 யார்டு, 5 வுட்டின் கேரி 230 யார்டு. இறங்கும் கோணமோ 43 டிகிரியிலிருந்து 47 டிகிரியாக உயர்கிறது. அவ்வளவு வேகமாகச் சுழற்றும் தொழில்முறை வீரர்களுக்கே இடைவெளி 13 யார்டுதான் என்றால், வார இறுதியில் மட்டும் ஆடுகிற, வேகம் குறைந்த நம்மைப் போன்றவர்களுக்கு 15 டிகிரி முகம் பந்தைப் போதிய உயரம் எழுப்பாது. அந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிடும். குழி இருக்கும் கிரீனுக்கு வந்த பந்து அங்கேயே நிற்பதற்குச் செங்குத்தாக இறங்கும் பந்துதான் உதவும்.

தரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காலாப்பட்டு மேட்டின் செம்மண், சித்திரை வைகாசியில் புல் காய்ந்து இறுகிவிடும். அந்தத் தரையில் மட்டையின் அடிப்பாகம் பந்துக்கு ஒரு விரற்கடை முன்னால் பட்டாலும் துள்ளி எழுந்து, பந்தின் நடுப்பகுதியைத்தான் போய் அடிக்கும். முகத்தில் முகப்பவுடரை மெல்லியதாகப் பூசி அடித்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்: பந்து பதிந்த வட்டம் பெரும்பாலும் நடுவில் இராது, அடிவிளிம்பை ஒட்டி இருக்கும். அப்படிக் கீழே படும் பந்து வழக்கமாக அதிகப் பின்சுழற்சி பெற்று, வேகத்தை இழந்து, தூரத்தையும் இழக்கும். பிங் இதற்கென்றே முகத்தின் மேல்கீழ் வளைவை நடுப்பகுதியிலிருந்து அடிப்பகுதி வரை மாற்றி அமைத்து, அதற்கு ஸ்பின்சிஸ்டன்ஸி என்று பெயரிட்டிருக்கிறது. மாரேஜிங் எஃகாலான முகம் மேலும் கீழும் மடிந்து உடலைப் பற்றுவதும், மேற்கூரையில் கார்பன் சேர்த்ததால் மிச்சமான எடையைக் கீழே இறக்கி ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தியிருப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். விளைவு பவுடர்த் தடத்திலேயே தெரிந்தது. அடிவிளிம்பில் தடம் பதிந்த அடிகளும் நடுவில் பட்ட அடிகளைவிடச் சற்றே குறைந்த தூரத்தில் போய் விழுந்தன. இந்த மட்டையில் நான் மிகவும் மதிக்கும் குணம் இதுவே.

அடிப்பாகத்தில் படியும் செம்மண் கோடும் பயனுள்ள சாட்சி. குதிகால் பக்கமாகக் கோடு விழுந்தால் மட்டையின் முனை தூக்கி நிற்கிறது என்று பொருள். பந்து இடப்புறம் இழுக்கும். எனக்கு அப்படித்தான் விழுந்தது. தலையும் தண்டும் சேரும் இடமான ஹோசலை, முனை தாழும் ஃபிளாட் நிலைக்கு மாற்றியதும் கோடு நடுவுக்கு வந்தது. எட்டு நிலைகள் கொண்ட இந்த ஹோசல் லாஃப்டை 1.5 டிகிரி வரை கூட்டவும் குறைக்கவும் இடம் தருகிறது. லாஃப்டைக் கூட்டினால் முகம் சற்று மூடும், குறைத்தால் சற்றுத் திறக்கும் என்பதை மறந்துவிட்டு மாற்றுபவர்கள், பிறகு தங்கள் சுழற்சியில்தான் கோளாறு என்று வருந்துகிறார்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நிலைமை தலைகீழ். ஈர மண்ணில் மெல்லிய தலை கொண்ட நீள அயர்ன் மட்டை புதைந்து நின்றுவிட, இந்த அகன்ற அடிப்பாகம் வழுக்கிச் சென்றுவிடுகிறது. ஆனால் கணுக்கால் உயரப் புல்லுக்குள் பந்து அமிழ்ந்து கிடந்தால் எந்த ஃபேர்வே வுட்டையும் எடுக்க வேண்டாம். அங்கே வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் போதும்.

அடுத்தது காற்று. கோடைப் பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து அடிக்கும்போது, உயரமாக எழும் பந்து மேலே நின்று, கேரி வெகுவாகக் குறைகிறது. 18 டிகிரி மட்டையைத் தேர்ந்தெடுப்பவர் இதற்கு மனத்தளவில் தயாராக இருக்க வேண்டும். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்துப் பார்த்தேன். உயரம் தணிந்தது உண்மை, ஆனால் திறந்த முகத்தால் பந்து வலப்புறம் நழுவியது. ஹோசலைத் தொடாமல், பந்தை ஒரு பந்தளவு பின்னால் வைத்து, கிரிப்பைச் சற்றுக் கீழே பிடித்து முக்கால் சுழற்சியில் அடிப்பதே எனக்குச் சரிப்பட்டது. காற்று பின்னாலிருந்து வந்தால் இதே உயரம் கொடையாகிவிடும். நந்தனத்தில் ஒரு நீளமான பார் 5இல் (ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய குழி) நான் டிரைவரைத் தரையிலிருந்தே அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பை தூக்கிய பெரியவர், “சார், அஞ்சு வுட்டே போதும், காத்து கொண்டுபோய்ச் சேத்துடும்” என்றார். பந்து கிரீனின் முன்விளிம்பில் இறங்கி நின்றது.

பெட்டியோடு வரும் ஆல்டா சிபி பிளாக் ஷாஃப்ட் (தண்டு) நடுத்தர வேகத்துக்குப் பொருந்தும். வேகமாகச் சுழற்றி ஏற்கெனவே பந்தை மிக உயரமாக அடிப்பவர்களுக்கு மேக்ஸ் தலை தேவையில்லை. அவர்கள் இதே வரிசையின் பின்சுழற்சி குறைந்த எல்எஸ்டியைப் பார்க்கலாம். ஒலி அடக்கமானது. நம் ஊர் ஈரப்பதத்தில் கிரிப் வியர்வையால் வழுக்கும் என்பதால், வாரம் ஒருமுறை சோப்பு நீரில் துடைத்து நிழலில் உலர்த்துவது அவசியம். கடற்கரைக்கு அருகில் வசிப்பவர்கள் எஃகு முகத்தையும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டே உறை மாட்ட வேண்டும். ஈர உறைக்குள் அடைத்து வைத்தால் உப்புக் காற்று கோடுகளில் துருவேற்றிவிடும்.

வாங்குமுன் சென்னைக் கடைகளில் செயற்கைப் புல்விரிப்பின் மேல் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த விரிப்பில் மட்டை முன்கூட்டியே தரையில் பட்டாலும் வழுக்கிப்போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும், திரையில் எண்களும் அழகாக வரும். முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி, நீங்கள் வழக்கமாக ஆடும் தரையில், நீங்கள் ஆடும் பந்தையே வைத்து அடித்துப் பாருங்கள். 7 வுட்டும் கிடைத்தால் அதையும் அதே மாலையில் பக்கத்தில் வைத்து அடியுங்கள். சுழற்சி வேகம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு 5 வுட்டைவிட அதுவே நெடுந்தூரம் போகக்கூடும்.