‘டாக்டர் சீட் உறுதி’ திட்டங்கள்: காரைக்குடி ஏஜென்சியில் பார்த்ததும் பேத்தியின் கடிதத்தில் படித்ததும்

காரைக்குடியில் இருக்கும் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சியைப் பற்றியும், ‘பிளஸ் டூ முடித்ததும் டாக்டர் சீட் உறுதி’ என்று அவர்கள் விற்கும் திட்டங்களைப் பற்றியும் எழுதுகிறேன். ஏஜென்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே போர்டு தேவகோட்டையில், புதுக்கோட்டையில், மதுரையில் என்று வேறு வேறு பெயரில் தொங்குகிறது. ஒன்றை மட்டும் சுட்டினால் மற்றவை சரி என்றாகிவிடும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ரிசல்ட் வந்த வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் இன்றும் வீட்டுக்கு வருவார்கள். இந்த வருடம் என் தம்பி குடும்பமே வந்தது. தம்பி பள்ளத்தூரில் கடை வைத்திருக்கிறான். அவன் மகன் நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்துவிட்டான், ஆனால் அரசுக் கல்லூரிக்கு அது போதாது. தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா கட்டணத்தைக் கேட்டாலே தம்பிக்குத் தலை சுற்றுகிறது. “அயித்தை, நீங்களும் வாங்க. அப்பச்சிக்கு அவங்க சொல்றது பிடிபடலை” என்று பையன் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். போனேன்.

ஏஜென்சியில் நன்றாக இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பேசிய பெண் பொறுமையானவர். எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்கவில்லை. கட்டணத்தை வருட வாரியாகத் தாளில் எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட் எடுப்பது, விசா, வங்கி வழியாகப் பணம் அனுப்புவது, விடுதியில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா என்பது வரை எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஏற்கெனவே போயிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் போனில் பேச வைத்தார். வெளிநாட்டையே பார்த்திராத ஒரு குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

சிக்கல், அவர்கள் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் ஆரம்பித்தது. ஒரு பக்கத்தில் அமெரிக்கா: ‘பி.எஸ். – எம்.டி., நேரடி மருத்துவ சேர்க்கை’. எதிர்ப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ்: அதே ‘பி.எஸ். – எம்.டி., நேரடி மருத்துவ சேர்க்கை’. பி.எஸ். என்பது இளங்கலை அறிவியல் பட்டம்; எம்.டி. என்பது அந்த நாடுகளில் நம் ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி முதல் மருத்துவப் பட்டம். ஒரே எழுத்து, ஒரே கலர். இரண்டும் ஒரே சரக்கு, விலைதான் வேறு என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் அமெரிக்கத் திட்டத்தை அப்போதுதான் வீட்டுக்குள்ளேயே முழுதாகப் பார்த்து முடித்திருந்தேன். நியூஜெர்சியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் பள்ளி முடித்தவுடன் நேரே மருத்துவம் கிடையாது. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டம் படிக்க வேண்டும். படிக்கும்போதோ முடித்த பிறகோ எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும். அப்புறம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம், நேர்காணல். விண்ணப்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. கிடைத்தால் இன்னும் நான்கு வருடம். நடுவில் இருக்கும் இந்தப் பெரிய வடிகட்டலைப் பள்ளி முடிக்கும்போதே கடந்துவிடலாம் என்பதுதான் பி.எஸ்.-எம்.டி. கூட்டுத் திட்டம். இளங்கலைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து ஒரே சமயத்தில் இடம் தருகின்றன.

இதிலும் பல வகை உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருடம், எம்கேட் தேவையில்லை. மாணவர் எந்தப் பாடத்தையும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். வரலாறு படித்துவிட்டுக்கூட மருத்துவத்துக்குப் போகலாம். விலங்கியல் நடத்தியவள் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பதினேழு வயதில் நீட் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகளை வருடா வருடம் பார்த்தவள் நான். மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி கிளை ஆறே வருடத்தில் முடிக்கிறது. நியூஜெர்சி கல்லூரியும் நெவார்க்கில் இருக்கும் ரட்கர்ஸின் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்துவது ஏழு வருடம்: மூன்று இளங்கலை, நான்கு மருத்துவம். எல்லாவற்றிலும் போட்டி கடுமை. பிரவுனில் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்தாலும் எடுப்பது நூறு பேருக்கும் குறைவு.

பேத்திக்கு வந்த கடிதத்தை மகள் எனக்கு அனுப்பியிருந்தாள். வாழ்த்து இரண்டே வரிதான், மீதியெல்லாம் நிபந்தனை. நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண் 3.5-க்குக் கீழே போகக் கூடாது. அறிவியல் பாடங்கள் எதிலும் குறிப்பிட்ட கிரேடுக்குக் குறையக் கூடாது. எம்கேட் எழுதிக் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்க வேண்டும். நடுவில் வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடம் போய்விடும். ஒழுங்கு நடவடிக்கை எதிலும் சிக்கக் கூடாது. “ஆயா, ரெண்டாம் வருஷ ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை நெனச்சாத்தான் பயமா இருக்கு” என்றாள் பேத்தி. பயப்படட்டும், நல்லதுதான். எதைச் செய்தால் இடம் தன்னுடையது, எதைச் செய்யாவிட்டால் போய்விடும் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். கடிதத்தின் அடியில் இளங்கலைக் கல்லூரியின் கையெழுத்தோடு மருத்துவக் கல்லூரியின் கையெழுத்தும் இருக்கிறது. இந்த இரண்டாவது கையெழுத்துக்காகத்தான் நான் அந்தத் திட்டத்தை மதிக்கிறேன்.

அங்கேயும் குறைகள் உண்டு. செலவு பயங்கரம். பிரவுன் போன்ற இடத்தில் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து இளங்கலைக்கே வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகிறது. 2026 ஜூலை முதல் மருத்துவப் படிப்புக்குப் புதிதாக வாங்கும் அமெரிக்க மத்திய அரசுக் கடனுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மீதிக்குத் தனியார் வங்கிதான். மருத்துவப் பட்டம் வாங்கினாலும் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளை எல்லோரையும் போல எழுத வேண்டும்; பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பயிற்சி பெறும் ரெசிடென்சி இடத்துக்கு எல்லோரோடும் போட்டி போட வேண்டும். மருத்துவக் கல்லூரியின் வாசல் வரைக்கும்தான் இந்தக் கூட்டுத் திட்டத்தின் பாதுகாப்பு. மகளும் மாப்பிள்ளையும் இதையெல்லாம் கணக்குப் போட்ட பிறகுதான் சரி என்றார்கள்.

அப்படியானால் பள்ளத்தூர்ப் பையனுக்கு இந்த அமெரிக்கப் பக்கம் உதவுமா? பெரும்பாலும் உதவாது. அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் திட்டங்களில் பல, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களை மட்டுமே எடுக்கின்றன. என் பேத்தி அங்கே பிறந்தவள், அதனால் விண்ணப்பிக்க முடிந்தது. வெளிநாட்டு மாணவரை ஏற்கும் இடங்களிலும் அமெரிக்க அரசுக் கடன் அவர்களுக்குக் கிடையாது. சில மருத்துவக் கல்லூரிகள் பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்கின்றன. வண்ணப் புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. அதில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கூட்டுத் திட்டமும் இருந்தது. அந்தத் திட்டத்தில் இப்போது புதிதாக யாரையும் சேர்ப்பதே இல்லை. கேட்டதற்கு, “ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்றேன் டீச்சர்” என்றார் அந்தப் பெண். பதில் வரவில்லை.

உண்மையில் அவர்கள் விற்பது பிலிப்பைன்ஸ் பக்கத்தைத்தான். அமெரிக்கப் பக்கம் அதற்குத் துணைக்கு நிற்கிறது. பிலிப்பைன்ஸில் மருத்துவப் படிப்பின் அமைப்பு அமெரிக்காவைப் பார்த்து வைத்தது. முதலில் பி.எஸ்., பிறகு என்மேட் என்ற நுழைவுத் தேர்வு, பிறகு நான்கு வருட எம்.டி. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல அமைப்புதான். இந்தியாவுக்குத் திரும்பி வந்து தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைக்குத்தான் கேள்வி. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதி தெளிவாக இருக்கிறது. மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி தனியாக வேண்டும். ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். படித்த நாட்டில், அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் இருக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு வருட எம்.டி. என்றால் 48 மாதம். ஆறு மாதம் குறைகிறது. பி.எஸ். காலத்தை அதோடு சேர்த்துக்கொள்ள ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது மருத்துவப் படிப்பே இல்லை, நம் ஊர் பி.எஸ்ஸி. உயிரியல் மாதிரி. இதைக் கேட்டபோது, “பயிற்சி வருஷத்தையும் சேர்த்தா 60 மாசம் ஆயிடும் டீச்சர்” என்று பதில் வந்தது. விதியில் பயிற்சி தனி, படிப்பு தனி. என்னிடம் இருந்த நகலில் அந்த வரியைக் காட்டினேன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இதைக் கற்றுக்கொடுக்காமல் உட்கார வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அடுத்து ஒப்பந்தம். இதைத்தான் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ‘சேர்க்கை கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. எந்தச் சேர்க்கை என்று தேடினால், உள்ளே நான்காம் பக்கத்தில் பி.எஸ். சேர்க்கை என்று இருக்கிறது. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்துத் தேறிய பிள்ளைக்கு பி.எஸ். இடம் கிடைப்பதில் என்ன சிரமம்? என்மேட் தேறுவது, எம்.டி. இடம் கிடைப்பது, நம் ஆணையம் அந்தப் பட்டத்தை ஒப்புக்கொள்வது, திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இங்கே நடத்தும் எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் தேறுவது எல்லாம் ‘மாணவரின் பொறுப்பு’. என் பேத்தியின் கடிதம் கஷ்டமான கட்டத்துக்குப் பொறுப்பேற்கிறது. இந்த ஒப்பந்தம் யாருக்கும் சந்தேகமே இல்லாத கட்டத்துக்குப் பொறுப்பேற்று, அதற்கு முன்பணமும் வாங்குகிறது. முன்பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப வராது என்று அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எஃப்.எம்.ஜி.இ. பற்றியும் தம்பிக்கு விளக்க வேண்டியிருந்தது. 300 மதிப்பெண்ணுக்கு 150 வாங்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. பாதி வாங்கினால் போதுமே என்று தோன்றும். ஆனால் 2025 ஜூன் தேர்வில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஏஜென்சிச் சுவரில் தேறியவர்களின் படங்கள் இருந்தன. அவர்கள் உழைத்துத் தேறிய பிள்ளைகள், சந்தோஷம். அனுப்பியவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன், அந்தக் கணக்கு அவர்களிடம் இல்லை.

இன்னொன்று. நீட் இல்லாமலே வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. வெளிநாட்டில் மருத்துவம் படித்து இந்தியாவில் தொழில் செய்ய வேண்டுமானால் நீட் தகுதி கட்டாயம். நான் குறுக்கே பேசி அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பெண் நீட் எழுதவே இல்லையாம்.

தமிழ்நாட்டுக்குள் இருக்கும் வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த ஏஜென்சியும் இதைச் சொல்லப்போவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் பக்கத்தில் பழைய, நல்ல பெயருள்ள உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அதனால் இந்த வித்தியாசம் தெரியாமல் பிள்ளையை நடுவில் மாற்றிவிட்டு, பிளஸ் டூ முடித்த பிறகு வந்து அழுத பெற்றோர் உண்டு. ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி 2012-இல் வந்தது, புதுக்கோட்டையில் 2017-இல். இரண்டும் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். இங்கே படித்து முடித்தவர் வேறு நாட்டின் அங்கீகாரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏஜென்சிக்கு என் மதிப்பீடு: பயணம், விசா, விடுதி உதவிக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். சேர்க்கை ஆலோசனைக்கு ஒன்றுக்கு மேல் தர மனசு வரவில்லை. பேத்திக்குக் கிடைத்த மாதிரியான அமெரிக்கக் கூட்டுத் திட்டத்துக்கு, அங்கே குடியுரிமை உள்ள, படிப்பில் சுணங்காத, மருத்துவம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் நாலரை. செலவுக்காக அரை குறைத்திருக்கிறேன்.

தம்பி முன்பணம் கட்டவில்லை. பையன் இன்னொரு தடவை நீட் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறான். உயிரியலுக்கு வாரம் மூன்று மாலை என்னிடம் வருகிறான். இயற்பியல்தான் அவனுக்குக் கஷ்டம், அதற்கு என்னோடு வேலை பார்த்த ஒரு சார் ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் யாராவது இப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் யோசித்தால், அதன் முழு நகலையும் வீட்டுக்கு வாங்கி வந்து, எந்தச் சேர்க்கைக்கு யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். நகல் தர மாட்டோம் என்றால் பணமும் கொடுக்காதீர்கள்.