கார்ல்ஸ்பாட் கட்டமைப்பு: பி5 திட்டமா, இ4 திட்டமா?

ஓபனிங் முடிந்து காய்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன, யாரும் எதையும் தாக்கவில்லை. "இனி என்ன ஆடுவது?" என்று கை தயங்கும் இந்த இடத்தில்தான் நிறைய ஆட்டங்கள் கைநழுவுகின்றன. டாக்டிக்ஸ் பஸில்களை எவ்வளவு போட்டாலும் இந்தத் தயக்கம் தீராது. பஸிலில் ஏதோ ஒரு அடி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும், இங்கே அது தெரியாது. திட்டமிடப் பழக, ஒரே சிப்பாய்க் கட்டமைப்பை எடுத்துக்கொண்டு அதில் போட்டியிடும் இரண்டு திட்டங்களை அருகருகே வைத்துப் படிப்பதுதான் சிறந்த வழி.

குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் என்ற ஓபனிங்கின் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனில் வரும் கார்ல்ஸ்பாட் கட்டமைப்பு இதற்கு மிகவும் பொருத்தம். டி5-ல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்ட பின் வெள்ளைக்கு ஏ2, பி2, டி4, இ3, எஃப்2, ஜி2, ஹெச்2 சிப்பாய்கள் இருக்கும். கறுப்புக்கு ஏ7, பி7, சி6, டி5, எஃப்7, ஜி7, ஹெச்7. சி ஃபைல் (செங்குத்து வரிசை) வெள்ளைக்குப் பாதி திறந்திருக்கிறது, அதாவது அதில் வெள்ளைச் சிப்பாய் இல்லை. அதேபோல் இ ஃபைல் கறுப்புக்கு.

சோவியத் கிராண்ட்மாஸ்டர் பால் கெரெஸ் கறுப்புக் காய்களுடன் தோற்ற இரண்டு ஆட்டங்களைப் பலகையில் வையுங்கள். ஒன்று 1948 உலக சாம்பியன்ஷிப் தொடரில் ஸ்மிஸ்லோவுக்கு எதிராக, மற்றது 1952-இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் போட்வின்னிக்குக்கு எதிராக. நகர்வுகளின் வரிசை வேறு. ஆனால் 10 நகர்வுகள் முடிந்ததும் இரண்டு பலகைகளிலும் ஒரே ஒரு காய்தான் இடம் மாறியிருக்கும்: ஸ்மிஸ்லோவின் குதிரை எஃப்3-ல், போட்வின்னிக்கின் குதிரை இ2-ல். 11-ஆவது நகர்வும் இருவருக்கும் ஒன்றே, யானை (ரூக்) ஏ1-லிருந்து பி1-க்கு. அதன்பின் இரண்டு ஆட்டங்களும் வெவ்வேறு திசையில் போகின்றன.

பி5 திட்டம் (மைனாரிட்டி அட்டாக்)

ராணிப் பக்கத்தில் வெள்ளையின் இரண்டு சிப்பாய்கள் கறுப்பின் மூன்றை மோதுகின்றன. பி4, பி5, பிறகு சி6-ல் வெட்டு. கறுப்பு பி7 சிப்பாயால் திருப்பி எடுத்தால், சி6 சிப்பாய் துணையின்றிப் பாதி திறந்த ஃபைலில் மாட்டிக்கொள்ளும். பி5-லேயே கறுப்பு சி6 சிப்பாயால் வெட்டினால் டி5 தனிமைப்படும், பி7 மீதும் யானை பார்வை வைக்கும். கறுப்பு எந்த வழியில் போனாலும் ஒரு பலவீனம் நிரந்தரமாகத் தங்கும்.

ஸ்மிஸ்லோவ் 12-ஆவது நகர்வில் பி4, 13-இல் பி5, 14-இல் சி6-ல் வெட்டினார். கெரெஸ் சிப்பாயால் எடுக்காமல் பிஷப்பால் எடுத்தார். பலரும் இந்த இடத்தில் திட்டம் முடிந்தது என்று நினைத்து வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். ஸ்மிஸ்லோவ் 17-இல் தன் பிஷப்பை பி5-க்குக் கொண்டுவந்து, 20-இல் அந்த சி6 பிஷப்பையே வெட்டினார். இப்போது பி7 சிப்பாயால் எடுப்பதைத் தவிர கறுப்புக்கு வழியில்லை. பி ஃபைல் திறந்தது, 22-இல் வெள்ளை யானை பி7-ல் இறங்கிவிட்டது. குறிவைத்த பலவீனத்தைக் காக்கும் காயையே வெட்டியெடுப்பது: இந்தத் திட்டத்தின் பாதி வேலை அதுதான்.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. கறுப்பு ஏ6 ஆடியிருந்தால் ஏ4 இல்லாமல் பி5 தள்ளக் கூடாது. பி5-ல் வெட்டியதும் திருப்பி எடுக்கச் சிப்பாய் இருக்காது, காயால் எடுத்தால் சி6 சிப்பாய் அந்தக் காயை விழுங்கிவிடும். கெரெஸ் ஏ6 ஆடாததால்தான் ஸ்மிஸ்லோவுக்கு ஏ4 தேவைப்படவில்லை. இரண்டாவது தவறு, ராஜாவை மறப்பது. நீங்கள் இடது பக்கம் மும்முரமாக இருக்கும்போது கறுப்பு குதிரையை இ4-ல் நிறுத்தி, இ8 யானையை இ6 வழியாக ஜி6-க்கோ ஹெச்6-க்கோ திருப்பும். அந்த இ4 குதிரையை விரட்ட எஃப் சிப்பாய் உதவாது, உங்கள் குதிரையே அதன் வழியில் நிற்கிறது.

இ4 திட்டம்

குதிரை இ2-ல் இருந்தால் எஃப்3 ஆடலாம். இ4 கட்டம் கறுப்புக் குதிரைக்கு இல்லாமல் போகும், பிறகு அதே கட்டத்தில் நம் சிப்பாய் ஏறும். கேட்க எளிது, ஆட அவ்வளவு எளிதல்ல.

எஃப்3 ஆடிய கணமே இ3 சிப்பாய் பலவீனமாகிறது, எதிரே இ8 யானை நேராகப் பார்க்கிறது. ஜி1-லிருந்து ஏ7 வரையிலான மூலைவிட்டமும் திறக்க வாய்ப்புண்டு. போட்வின்னிக் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார். 12-இல் ராஜா ஹெச்1-க்கு, 13-இல் எஃப்3, 14-இல் பி1 யானை இ1-க்கு. யானையை பி1-ல் வைத்தது வீணா? இல்லை. பி4, பி5 வரும் என்று காட்டிவிட்டுத் திசையை மாற்றினார். ராணி 17-இல் எஃப்2-க்கு வந்து டி4, இ3 இரண்டையும் தாங்கியது. அதனால் 19-இல் கெரெஸ் ராணியை பி6-க்குக் கொண்டுவந்தும் பலனில்லை. 20-இல்தான் இ4 வந்தது. 22-இல் இ5, 24-இல் குதிரை டி6-ல். 37 நகர்வில் ஆட்டம் முடிந்தது.

அவசரப்பட்டு இ4 தள்ளுவதுதான் இங்கே பெரிய தவறு. டி5 சிப்பாய் இ4-ல் வெட்டி, நாம் எஃப்3 சிப்பாயால் எடுத்தபின், கறுப்பு சி5 ஆடினால் டி4 தாங்குமா? இதற்கு விடை தெரியாமல் இ4-ஐத் தொடவே வேண்டாம்.

எதை முதலில் கற்பது?

ரேட்டிங் 1600-க்குக் கீழே இருப்பவர்கள் பி5 திட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு படியும் பலகையில் தெரியும், ஒரு நகர்வு தாமதமானாலும் பொதுவாக எல்லாம் சரிந்துவிடாது, ராணிகள் வெட்டுப்பட்ட பின்பும் சி6 பலவீனம் எண்ட்கேம் வரை நிற்கும். இ4 திட்டத்தின் வெற்றி வேகமானது, ஆனால் ஒரு நகர்வு முந்தினாலோ பிந்தினாலோ நம் நடுச் சிப்பாய்களே சுமையாகிவிடும். துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த பிறகு அதற்கு வரலாம்.

மூன்றாவதாக, ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து ஜி, ஹெச் சிப்பாய்களை ஓட்டும் வழியும் உண்டு. அது யார் முந்துவது என்ற ஓட்டப்பந்தயம். திட்டமிடப் பழகுபவருக்கு அதில் கிடைப்பது குறைவு.

பயிற்சி

10-ஆவது நகர்வுக்குப் பிந்தைய நிலையை வைத்து, மீதி நகர்வுகளை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெள்ளை நகர்வுக்கும் 5 நிமிடம் எடுத்து மூன்றை எழுதுங்கள்: எந்தச் சிப்பாய் நகரப்போகிறது, எந்த எதிரிக் காயை வெட்டியெடுக்க வேண்டும், எதிராளி தள்ள நினைக்கும் சிப்பாய் எது. மூன்றாவதை எழுதாமல் விடுபவர்களே அதிகம், அடி வாங்குவதும் அங்கேதான். பிறகு அதே நிலையிலிருந்து நண்பருடன் தலா 15 நிமிடத்தில் நான்கு ஆட்டங்கள்: எஃப்3 குதிரையுடன் இரண்டு, இ2 குதிரையுடன் இரண்டு, நிறம் மாற்றி மாற்றி. கறுப்பில் உட்கார்ந்தால்தான் எஃப்3-க்குப் பின் சி5 எப்போது வலிக்கும் என்பது புரியும்.

இன்ஜினை (செஸ் ஆடும் கணினி நிரலை) இந்த நான்கு ஆட்டங்களும் முடிந்த பின்பே திறக்கவும். தொடக்க நிலையில் இரண்டு திட்டங்களுக்கும் இடையே அது பெரிய வித்தியாசம் காட்டாது. அதனால் அது காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டம் தேர்வு செய்ய முடியாது. பி5-க்கும் இ4-க்கும் முந்தைய நகர்வில் மட்டும் நிறுத்தி, அப்போது தள்ளியது சரியா, இன்னும் ஒரு ஏற்பாடு தேவைப்பட்டதா என்று சரிபார்த்தால் போதும்.