வெக்டரைப் பிரிக்க மூன்று வழிகள்: நான் ஏன் முக்கோணத்தின் பக்கம் சாய்ந்தேன்

"மாமா, எங்க காஸ் போடணும், எங்க சைன் போடணும்? அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்." வெக்டரை, அதாவது விசை, வேகம் மாதிரி அளவும் திசையும் உள்ள ஒன்றை, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கூறுகளாகப் பிரிக்கும் கணக்கில் அக்கா மகன் கேட்டது இவ்வளவுதான். பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் என்னிடம் மூன்று பதில்கள் இருப்பது எனக்கே உறைத்தது. மூன்றும் அதனதன் இடத்தில் சரியானவைதான். ஆனால் ஒருவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும்போது மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் அவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் அது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வழி மனப்பாடம். எக்ஸ் கூறு என்றால் காஸ், ஒய் கூறு என்றால் சைன், அவ்வளவுதான். இரண்டாவது வழியில் ஒவ்வொரு முறையும் ஒரு செங்கோண முக்கோணம் வரைய வேண்டும். வெக்டர்தான் கர்ணம், கூறுகள்தான் மற்ற இரண்டு பக்கங்கள். கோணத்தை ஒட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, எதிரே எது நிற்கிறது என்று பார்த்து முடிவெடுப்போம். மூன்றாவது, எந்த வெக்டர் வந்தாலும் அதன் கோணத்தை நேர் எக்ஸ் அச்சிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அளந்துகொண்டு, அப்புறம் யோசிக்காமல் எக்ஸுக்கு காஸ், ஒய்க்கு சைன் போடுவது. வரைபடத்தாளில் கோணமானி வைத்து வரைந்து நீளத்தை அளக்கும் முறையும் ஒன்று உண்டு. கூறு என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க அதை ஒரே ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

10 நியூட்டன் விசை, கிடைமட்டத்தோடு 30 டிகிரி. மூன்று வழியிலும் கிடைமட்டக் கூறு 8.66, செங்குத்துக் கூறு 5. இந்த மாதிரிக் கணக்கை வைத்து எது மேல் என்று சொல்லவே முடியாது. ஆரம்பப் பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் இப்படியே இருப்பதால்தான் மனப்பாட வழி நம்மிடம் நல்ல பெயர் வாங்கிவிடுகிறது.

வித்தியாசம் தெரிவது கோணம் வேறு இடத்திலிருந்து அளக்கப்படும்போது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இந்த ஒன்றை வைத்தே முடிவெடுக்கலாம். ஊசலில் கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கப்படும். கப்பலின் திசை வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் சொல்லப்படும். சாய்தளத்தில் கோணம் தரைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும். எடையோ அந்தக் கோணத்தைத் தொடாமல் நேராகக் கீழே தொங்கும். வெக்டருக்கும் எக்ஸ் அச்சுக்கும் நடுவில் உள்ள கோணம் இவற்றில் ஒன்றில்கூட நேராகக் கொடுக்கப்படுவதில்லை.

கப்பலையே எடுத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், திசை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 60 டிகிரி. கிழக்கை எக்ஸ் என்று வைத்தால் மனப்பாடம் கிழக்குக்கு 25, வடக்குக்கு 43.3 என்று தரும். உண்மை நேர்மாறு: கிழக்கே 43.3, வடக்கே 25. இதில் விஷமம் என்னவென்றால், சரிபார்க்கலாம் என்று இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் இரண்டு விடைக்கும் 50 தான் வரும். இடம் மாறிய கூறுகளைப் பிதாகரஸ் காட்டிக்கொடுக்க மாட்டார். தவறு நடந்த சுவடே தெரியாது.

எனக்கு நடந்ததும் அப்படித்தான். தேர்வில் 20 டிகிரி சாய்தளம், உராய்வு இல்லை, முடுக்கம் கேட்டிருந்தார்கள். சரிவு எனக்கு எக்ஸ் அச்சு, எக்ஸ் என்றால் காஸ். ஜி காஸ் தீட்டா (ஜி புவியீர்ப்பு முடுக்கம், தீட்டா கோணம்), அதாவது வினாடி வர்க்கத்துக்கு 9.2 மீட்டர் என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தேன். 20 டிகிரி என்பது மெல்லிய சரிவு. அதில் ஒரு பெட்டி கிட்டத்தட்ட தடையின்றி விழும் முடுக்கத்தில் சறுக்குகிறது என்று எழுதியிருக்கிறேன், கை கூசவில்லை. சரியான விடை ஜி சைன் தீட்டா, சுமார் 3.35.

அதனால் அக்கா மகனுக்கு முக்கோணத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வாய்ப்பாடு மாதிரி ஒரு வரி மட்டும் கொடுத்தேன்: கோணத்தை ஒட்டியது காஸ், எட்ட நிற்பது சைன். இதில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை. ஊசலில் கோணம் செங்குத்துக் கோட்டை ஒட்டி இருப்பதால் இழுவிசையின் செங்குத்துக் கூறு டி காஸ் தீட்டா, பக்கவாட்டுக் கூறு டி சைன் தீட்டா. கப்பலுக்கு வடக்கை ஒட்டிக் கோணம், ஆகவே வடக்குக்கு காஸ். யோசிக்க வேண்டியதே இல்லை, படத்தைப் பார்த்தால் போதும்.

வார்த்தையின் பூர்வீகமும் இதற்குத் துணை நிற்கிறது. ஆரியபட்டர் 499-இல் பட்டியல் போட்டது நாணின் பாதியை. ஜ்யா என்றால் வில்லின் நாண். வட்டத்துக்குள் வரைந்து பார்த்தால் அந்த அரைநாண் மையக் கோணத்துக்கு எதிரே நிற்கும் பக்கம்தான். அது அரபி வழியாக லத்தீனுக்குப் போய் சைன் ஆனது. எட்ட நிற்பது அதன் பிறவிக் குணம்.

முக்கோண வழியிலும் ஒரு பள்ளம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கொடுத்த கோணம் வெக்டரைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் ஒட்டியது, எட்டியது என்ற பேச்சே எடுபடும். சாய்தளத்தில் கோணம் கீழே மூலையில் கிடக்கிறது. அதை எடை அம்புக்குறி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலகையைத் தீட்டா அளவுக்குத் தூக்கினால் பலகைக்குச் செங்குத்தான கோடும் அதே தீட்டா அளவுக்குச் சாய்கிறது. ஆகவே எடைக்கும் பலகைக்குச் செங்குத்தான அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது தீட்டா. பையன் இங்கேதான் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றான். சொல்லிப் புரியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் பேனாவை நிமிர்த்திப் பிடித்து, இரண்டையும் சேர்த்துச் சாய்த்துக் காட்டியதும் "ஓ, இவ்வளவுதானா" என்றான்.

அதற்கப்புறமும் தடுமாறினால் கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பார்க்கச் சொன்னேன். பலகை தட்டையாகிவிட்டது, பெட்டி சறுக்குமா? சறுக்காது. அப்படியென்றால் சரிவு வழிக் கூறு பூஜ்யமாக வேண்டும். பூஜ்யத்தில் பூஜ்யமாவது சைன். ஐந்து வினாடி வேலை. தேர்வு அறையில் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 9.2 காகிதத்தில் ஏறியிருக்காது.

படம் வரையும்போது ஒரு பழக்கத்தை வலியுறுத்துவேன். எல்லோருக்கும் கை தானாக 45 டிகிரியைத்தான் வரையும். 45-இல் காஸும் சைனும் சமம், இரண்டு பக்கமும் ஒரே நீளம், அந்தப் படம் எதையும் காட்டிக்கொடுக்காது. கணக்கில் கோணம் 45-க்குக் கீழே இருந்தால் 20 டிகிரி மாதிரி ஒல்லியாகவும், மேலே இருந்தால் 70 மாதிரி நிமிர்த்தியும் வரைந்துகொண்டால் எந்தக் கூறு பெரியது, எது சிறியது என்று பார்த்தவுடன் தெரியும். கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் கிடந்தாலும் இது பிடித்துக்கொடுக்கும். ரேடியனில் காஸ் 30 தட்டினால் 0.154 வரும், சைன் 30 தட்டினால் மைனஸ் 0.988. படுத்துக் கிடக்கும் அம்புக்குறிக்குக் கிடைமட்டக் கூறு இத்தனை சிறிதாக இருக்க முடியாது என்று படமே சொல்லும்.

மூன்றாவது வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறிகளில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதே 10 நியூட்டன் இடப்பக்கம் மேல்நோக்கி 150 டிகிரியில் இழுத்தால் மைனஸ் 8.66, பிளஸ் 5 என்று குறியோடு சேர்ந்தே வந்துவிடும். முக்கோண வழியில் பிளஸ், மைனஸை அம்புக்குறியைப் பார்த்து நாமே போட வேண்டும்; மறந்தால் போச்சு. ஐந்தாறு விசைகளை அட்டவணை போட்டுக் கூட்டும்போதும் கணினியில் நிரல் எழுதும்போதும் நானே மூன்றாவது வழிக்குத்தான் போகிறேன். ஆனால் கொடுத்த கோணத்தை எக்ஸ் அச்சுக் கோணமாக மாற்ற ஒரு படம் வரைந்தாக வேண்டும். படம் வரைந்துவிட்டால் முக்கோணம் அங்கேயே இருக்கிறதே. முதலில் படிப்பவனுக்கு அந்த மாற்றமே இன்னொரு தவறுக்கு வாசல்.

திரும்பி வரும் வழியிலும், அதாவது கூறுகளிலிருந்து கோணம் கண்டுபிடிக்கும்போதும், படம் தேவைப்படுகிறது. எக்ஸ் மைனஸ் 3, ஒய் பிளஸ் 4 என்றால் கால்குலேட்டர் டேன் நேர்மாறில் மைனஸ் 53 டிகிரி காட்டும். அது கீழே வலப்பக்கம். நம் வெக்டர் மேலே இடப்பக்கம் இருக்கிறது. 180 கூட்டி 127 டிகிரி என்று எழுத வேண்டும்.

முப்பரிமாணக் கணக்குகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே ஒவ்வொரு அச்சோடும் வெக்டர் செய்யும் கோணத்துக்குத் தனித்தனியே காஸ் போடும் முறை சுத்தமாக இருக்கிறது. நான் போட்டுப் பார்த்த நான்கைந்து கணக்குகளில் முக்கோணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைவதைவிட அது வசதியாகவே இருந்தது. நான்கைந்து கணக்குகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மனப்பாடம் ஒரு விஷயத்தில் ஜெயிக்கிறது: வேகம். ஒரு கணக்குக்கு அரை நிமிடமாவது மிச்சம். பையனும் அதைத்தான் குறையாகச் சொன்னான், "படம் போட்டே நேரம் போகுது மாமா". போகட்டும் என்றேன். அடுத்த வாரம் நோட்டைப் புரட்டியபோது, எளிய கணக்குகளில் படம் இல்லை, நேராக காஸ் போட்டிருந்தான். சாய்தளக் கணக்குகளின் ஓரத்தில் மட்டும் ஒல்லியாக ஒரு முக்கோணம் இருந்தது.