"எல்லா போல்ட்டுக்கும் லாக்டைட் போட்டாச்சு" என்றால் வண்டியைத் தூக்கிப் பாருங்கள்

பழைய அம்பாசிடரையோ பத்மினியையோ பட்டறையில் விட்டுப் புதுசாக்க நினைக்கும் நெல்லை வட்டாரத்து ஆட்களுக்கு இந்த எச்சரிக்கை. பட்டறையின் பேர் வேண்டாம், அங்கே நடந்த வேலை மட்டும் இங்கே. ஓர் அம்பாசிடருக்குப் போட்ட பில்லில் "போல்ட் ட்ரீட்மென்ட், முழு வண்டி" என்று ஒற்றை வரி, பக்கத்தில் பெரிய தொகை. விவரம் கேட்டால், "எல்லாத்துக்கும் லாக்டைட் போட்டாச்சு அண்ணாச்சி, இனிமே ஒண்ணும் கழலாது" என்ற பதில்தான். லாக்டைட் என்பது போல்ட்டும் நட்டும் அதிர்வில் கழலாமலிருக்க மரையில் விடும் திரவ மருந்து. நிறத்துக்கு நிறம் பிடிப்பு மாறும்: சிவப்பு கெட்டி, நீலம் நடுத்தரம், ஊதா லேசு. வண்டியைத் தூக்கிப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது.

முதலில் எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். ஃபிளாஞ்ச் நட்டுகளைச் சுற்றி வெளியே சிவப்புப் பிசின் ஒழுகி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஒரு நட்டைக் கழற்றினால் உள்ளே மரையில் பழைய கிரீஸ், லாக்டைட் சொட்டுக்கூட இல்லை. நட்டை முறுக்கிய பிறகு மேலே தடவிவிட்டிருக்கிறார்கள். இந்தத் திரவம் காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இறுகும். வெளியே வழிந்தது எத்தனை நாளானாலும் ஈரமாகவே இருக்கும். முறுக்கிய பின் தடவினாலும் தானாக உள்ளே இறங்குவது பச்சை ரகம் ஒன்றுதான், சிவப்பும் நீலமும் அப்படி இறங்காது. சரியான முறை இது: போல்ட், நட்டு இரண்டின் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனரிலோ அசிட்டோனிலோ கழுவிக் காயவிட வேண்டும். நட்டு உட்காரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சொட்டு நீலத்தை விட்டு உடனே டார்க் ரென்ச்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். முழுப் பிடிப்பு வர 24 மணி நேரம் ஆகும், அதற்குள் வண்டியை ஓட்டக் கூடாது. ஜிங்க் பூச்சு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளில் இன்னும் மெதுவாகத்தான் இறுகும், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்டிவேட்டர் அடித்தால் நல்லது.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் அதே சிவப்பு. சாதாரண ரகம் 150, மிஞ்சினால் 180 டிகிரிக்கு மேல் தாங்காது, மேனிஃபோல்டு அதைவிடப் பல மடங்கு சூடாகும். மருந்து கருகிப் பொடியாகி, ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துருப்பிடித்து, நட்டோடு ஒன்றாகிவிட்டது. அங்கே பித்தளை நட்டும், மரையில் மெல்லிசாகக் காப்பர் அல்லது நிக்கல் ஆன்ட்டி-சீஸும்தான் (மரை ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் பசை) போட வேண்டும். டைமிங் கவரின் கால் இஞ்சு போல்ட்டுகளுக்கும் சிவப்புதான். அடுத்த முறை கழற்றும்போது தலை முறிந்து கையோடு வரும். அந்த அளவுக்கு ஊதா ரகமே போதும்.

வீல் ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் அப்பியிருந்தது. பார்க்க அக்கறை மாதிரி இருக்கும், ஆனால் ஆபத்து. நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்தால், அதே டார்க்கில் ஸ்டட்டின் இழுவிசை கால் பங்குக்கும் மேல் கூடிவிடலாம். மேனுவலில் உள்ள எண் காய்ந்த மரைக்கானது என்றால் மரை காய்ந்தே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் மோசமான வேலை, பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் போல்ட்டுகளில். பளபளவென்று இருக்கட்டும் என்று மற்ற போல்ட்டுகளோடு சேர்த்து அவற்றையும் ஆசிடில் முக்கி, ஜிங்க் பிளேட்டிங் போட்டிருக்கிறார்கள். ஆசிடிலும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவும். 10.9, அதற்கு மேற்பட்ட கடின ரக போல்ட்டுகள் அதனால் நொறுங்கும் தன்மை அடையலாம். முறுக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ எந்த அறிகுறியும் இல்லாமல் முறியலாம், முறிந்தால் ராட் எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் ஆபத்து குறையும். அதைச் செய்ததாக எழுத்தில் கொடுக்கும் பிளேட்டிங் கடையை நம் பக்கம் தேடிப் பார்க்க வேண்டியதுதான். கனெக்டிங் ராட், பேரிங் கேப், ஸ்டீயரிங் போல்ட்டுகளை எந்தச் சூழ்நிலையிலும் பிளேட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். எண்ணெய் தடவிய கறுப்பு போல்ட்டாகவே இருக்கட்டும், சந்தேகம் வந்தால் புதுசு போடுங்கள்.

உவரி, திருச்செந்தூர் பக்கம் ஓடும் வண்டி என்றால் "உப்புக்காத்துக்கு எஸ்.எஸ். போல்ட் போட்டுருவோம்" என்பார்கள். பம்பருக்கும் நம்பர் பிளேட்டுக்கும் போடட்டும். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் வலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 ரக எஃகு போல்ட்டுக்கு 800. நீளத் தொடங்கும் புள்ளியில் வித்தியாசம் இன்னும் பெரிது: 450-க்கு எதிராக 640. சஸ்பென்ஷனில் அதைப் போட விடாதீர்கள். போல்ட், நட்டு இரண்டுமே ஸ்டெயின்லெஸ் என்றால் முறுக்கும்போதே மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அங்கே ஆன்ட்டி-சீஸ் கட்டாயம்.

இன்னொரு ஏமாற்று, மரை போன ஓட்டையில் சிவப்பை ஊற்றி மறைப்பது. அம்பாசிடரில் பெரும்பாலும் இஞ்சு மரை. 5/16 யூ.என்.எஃப். (இஞ்சு அளவில் நெருக்கமான மரை) ஓட்டையில் கடையில் கிடைக்கும் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் இரண்டு சுற்று ஏறி நிற்கும், அதற்கு மேல் ஸ்பேனரை அழுத்தினால் மரை சிதையும். ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்ய வேண்டிய இடம் அது.

வண்டியை எடுக்கும் முன் நீங்களே ஒரு போல்ட்டைச் சுட்டிக்காட்டிக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான நல்ல மருந்துகள் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் ஒளிரும், மரையின் பள்ளத்துக்குள் ஒளிர்கிறதா என்று பாருங்கள். பாட்டிலையும் காட்டச் சொல்லுங்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் மருந்து பாட்டிலிலேயே இறுகிவிடும் என்பதால் அசல் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருக்காது.

ஏற்கெனவே சிவப்பு போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நீளக் குழாய் போட்டு நெம்ப வேண்டாம். பெட்ரோல் லைன், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, நட்டை மட்டும் சுமார் 250 டிகிரிக்கு ஹாட் ஏர் கன்னால் ஐந்து நிமிடம் சூடாக்கி, சூடு இருக்கும்போதே கழற்றுங்கள். ஆறவிட்டால் பழையபடி பிடித்துக்கொள்ளும். புகையை மூக்கில் ஏற்றாதீர்கள். கழன்றதும் மரையில் ஒட்டிய பொடியைத் தேய்த்து எடுத்து, சரியான அளவு டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்த பிறகே அடுத்த போல்ட்டை ஏற்றுங்கள்.