ஒன்ராறியோ கல்லூரிகளின் ஈ.சி.ஈ. டிப்ளோமா: படித்து முடித்த ஒருவரின் மதிப்பீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசுக் கல்லூரிகள் வழங்கும் ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வி டிப்ளோமாவை இங்குள்ள தமிழராகிய எம்மவர் ‘ஈ.சி.ஈ.’ என்று சுருக்கி அழைப்பர். அதைப் படித்தவர்களையும் படிக்க எண்ணுபவர்களையும் ரொறன்ரோ பெரும்பாகத்தின் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் எளிதில் காணலாம். படிக்க எண்ணுபவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை, “சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதுதானே, இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம், வேலையும் கிடைக்கும்” என்பதே. வேலை கிடைக்கும் என்பது பெரும்பாலும் சரி, சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பது மட்டும்தான் என்பது சரியல்ல. பாடசாலை செல்லும் பிள்ளைகளின் தாயாக இருந்துகொண்டே, முழுநேர மாணவியாக இந்தக் கற்கைநெறியை நான் முடித்தேன். இப்போது உரிமம் பெற்ற பராமரிப்பு நிலையமொன்றின் முன்பள்ளி அறையில் பணியாற்றுகிறேன். ஒரு குழந்தை என்ன செய்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்து, அதன் பின்னரே அக்குழந்தையைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும் பழக்கத்தை ஊட்டுவதுதான் இந்தப் படிப்பின் மிகப் பெரிய பயன் என்று கருதுகிறேன். ஒரு கல்லூரியின் தரத்தையும் நான் அதைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

முதலில் கட்டமைப்பு. முழுநேரமாகப் படித்தால் இரண்டு கல்வியாண்டுகள், நான்கு தவணைகள். மாகாண அரசு வகுத்த ஒரே பாடத்தரத்தையே எல்லா அரசுக் கல்லூரிகளும் பின்பற்றுவதால், சென்ரேனியலில் படித்தாலும் செனெக்காவில் படித்தாலும் ஜோர்ஜ் பிரவுனில் படித்தாலும் இறுதியில் கிடைக்கும் தகுதி ஒன்றே. 2007ஆம் ஆண்டின் ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வியாளர் சட்டம் இப்பணியை ஒரு முறைப்படுத்தப்பட்ட தொழிலாக்கியது. இதற்கான தொழில் ஒழுங்கு அமைப்பில் (College of Early Childhood Educators) பதிவு பெற்றவர் மட்டுமே ‘ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வியாளர்’ என்ற தொழிற்பெயரைத் தம் பெயருடன் பயன்படுத்தலாம். இங்கே எம்மவர் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. சில தனியார் தொழிற்கல்லூரிகள் குறுகிய காலத்தில் தரும் ‘உதவியாளர்’ சான்றிதழ் வேறு, இந்த டிப்ளோமா வேறு. உதவியாளர் சான்றிதழைக் கொண்டு நிலையங்களில் வேலை செய்யலாம். ஆனால் பதிவு பெற்ற கல்வியாளராக முடியாது. பணம் கட்டும் முன்னர், அந்தக் கற்கைநெறி பதிவுக்கு அங்கீகரிக்கப்பட்டதா என்பதைத் தொழில் ஒழுங்கு அமைப்பின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ இத்துறையில் முறையாகப் பயின்றவர்கள், கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னரே தம் சான்றிதழ்களை அவ்வமைப்பின் தனிநபர் மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது.

இனி, இந்தப் படிப்பில் நான் மிக உயர்வாக மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். முதல் தவணையிலேயே அவதானிப்புக் குறிப்பு எழுதும் ஒப்படைகள் தொடங்கிவிடும். குழந்தை கண்ணுக்கு முன் செய்ததையும் காதில் விழச் சொன்னதையும் மட்டுமே எழுத வேண்டும். “கோபமாக இருந்தான்”, “பிடிவாதம் பிடித்தாள்” என்று எழுதினால் விரிவுரையாளர் அதைச் சுற்றி வட்டமிட்டு, “இதை எங்கே கண்டீர்கள்?” என்று கேட்பார். கைகள் என்ன செய்தன, கண்கள் எங்கே சென்றன, எவ்வளவு நேரம் அதே செயலில் நிலைத்திருந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்பவைதான் குறிப்பில் இருக்க வேண்டும். இது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். வகுப்பில் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால், தண்ணீர் மேசையில் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சட்டையையும் தரையையும் நனைக்கும் ஒரு குழந்தையை இப்படிக் குறிப்பெழுதிப் பார்த்தால், அக்குழந்தை ஒவ்வொரு முறையும் கிண்ணத்தின் விளிம்பைக் கூர்ந்து பார்ப்பதும், நிரம்பப்போகும் தறுவாயில் கையைத் தாமதப்படுத்துவதும், அடுத்த முறை இன்னும் அகலமான பாத்திரத்தைத் தேடிப் போவதும் தெரியவரும். ‘தண்ணீரை வீணாக்குகிறது’ என்ற எண்ணம் அதோடு போய்விடும். மறுநாள் அந்த மேசையில் ஒரு புனலையும் வெவ்வேறு உயரமுள்ள போத்தல்களையும் வைக்கலாமே என்ற எண்ணம் வரும். கற்பித்தல் திட்டம் இப்படித்தான் பிறக்க வேண்டும் என்பதை இந்தப் படிப்பு எனக்கு ஆழமாகப் பதியவைத்தது.

கோட்பாடுகள் அதற்குப் பின்னால் வரும்போதே பொருள் தருகின்றன. பியாஜே, வைகோட்ஸ்கி முதலிய குழந்தை வளர்ச்சி உளவியலாளர்களின் கருத்துகளை விரிவுரை அறையில் மட்டும் கேட்டால் தேர்வுக்குப் பின் மறந்துவிடும். குழந்தை தனியாகச் செய்ய இயலாத, ஆனால் சிறு துணையுடன் செய்யக்கூடிய எல்லை ஒன்று உண்டு என்று வைகோட்ஸ்கி சொன்னதை, காற்சட்டையின் ‘சிப்’பைத் தானே இழுக்கப் போராடும் மூன்று வயதுப் பிள்ளையின் முன் மண்டியிட்டிருக்கும்போது மறக்க முடியாது. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்வியாளர் லோரிஸ் மலாகுட்சியும் அந்நகரப் பெற்றோரும் கட்டியெழுப்பிய முன்பள்ளி மரபும் பாடத்தில் கணிசமான இடம் பெறுகிறது. மாகாண அரசு 2014இல் வெளியிட்ட கற்பித்தல் வழிகாட்டி, குழந்தையின் கற்றலுக்கு அடிப்படையாக, ‘நான் இந்த இடத்துக்கு உரியவர்’ என்ற உணர்வு, நலவாழ்வு, ஈடுபாடு, வெளிப்பாடு ஆகிய நான்கையும் முன்வைக்கிறது. இந்த நான்கையும் ஒவ்வொரு ஒப்படையிலும் எழுதி எழுதிச் சலித்தவர்கள் உண்டு. ஆயினும் வேலைக்குச் சென்றபின், ஒரு பெற்றோரிடம் “உங்கள் மகள் இன்று நன்றாக இருந்தாள்” என்று சொல்வதற்குப் பதிலாக அவள் எதில் ஆழ்ந்திருந்தாள் என்பதைச் சொல்ல முடிகிறது என்றால், அது அந்தப் பயிற்சியின் விளைவுதான்.

சட்டமும் ஒழுங்குவிதிகளும் தொடர்பான பாடம் வறண்டதாக இருக்கும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது மிகவும் பயன்பட்டது. கைக்குழந்தைகள் அறையில் 10 பிள்ளைகளுக்கு 3 ஊழியர்கள், 18 மாதம் முதல் 30 மாதம் வரையானவர்களுக்கு 5க்கு 1, அதற்கு மேற்பட்ட முன்பள்ளி வயதினருக்கு 8க்கு 1 என்ற விகிதங்களை மனப்பாடம் செய்வது எளிது. முழுநாள் இருக்கும் பிள்ளைகளை, காலநிலை இடம் கொடுத்தால், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியில் விளையாட விட வேண்டும் என்ற விதியை ஜனவரி மாதத்தில் பனி உடைகள், பூட்ஸ், கையுறைகள் எல்லாம் அணிவித்து நிறைவேற்றுவதுதான் கடினம். எம் சமூகத்தவர் நின்று யோசிக்க வேண்டிய விதி வேறொன்று. தடைசெய்யப்பட்ட செயல்களின் பட்டியலில் அடிப்பதும் இழிவுபடுத்துவதும் இருப்பதைப் போலவே, குழந்தையை அதன் விருப்பத்துக்கு மாறாக உண்ணவோ குடிக்கவோ வைப்பதும் இருக்கிறது. நிலாவைக் காட்டியும் பூச்சாண்டியைச் சொல்லியும் ‘இன்னும் ஒரு வாய்’ என்று ஊட்டி வளர்க்கப்பட்ட எங்களுக்கு இது எளிதில் ஏற்கக்கூடிய விதியன்று. அதை வெறும் தண்டனைக்குரிய குற்றமாகச் சொல்லிவிட்டுப் போகாமல், பசியையும் நிறைவையும் தன் உடலிலிருந்தே அறியும் திறன் குழந்தைக்கு உண்டு என்பதை விளக்கிக் கற்பித்த விரிவுரையாளருக்கு நான் கடமைப்பட்டுள்ளேன். துன்புறுத்தல் பற்றிய சந்தேகம் எழுந்தால், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்காமல், சிறுவர் நலச் சங்கத்துக்குத் தானே நேரடியாக அறிவிக்க வேண்டிய சட்டக் கடமை பற்றிய வகுப்புகளும் உரிய கனத்துடன் நடத்தப்பட்டன.

செயன்முறைப் பயிற்சியைப் பற்றி அதே மனநிறைவுடன் எழுத என்னால் இயலவில்லை. அதற்குச் செல்லும் முன் பொலிஸ் பின்னணிச் சோதனை, தடுப்பூசிப் பதிவுகள், முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றைச் சொந்தச் செலவில் முடிக்க வேண்டும். பயிற்சிக்கு ஊதியம் கிடையாது. வெவ்வேறு வயதினரின் அறைகளில் பயில்வது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நிலையத்துக்கு அனுப்பப்படுகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. எனக்குக் கிடைத்த ஒரு நிலையத்தில், வழிகாட்டியாக இருந்த கல்வியாளர் என் அவதானிப்புகளை மாலையில் என்னுடன் இருந்து வாசித்து, “அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்; வகுப்பில் பல வாரங்களில் கற்றதைவிட அந்த உரையாடல்களில் கற்றது அதிகம். இன்னொரு நிலையத்தில் நான் பெரும்பாலும் மேசை துடைத்தேன், கட்டில்களை அடுக்கினேன், ஆள் குறைந்த நாள்களில் விகிதத்தை நிரப்பும் ஒருவராக நடத்தப்பட்டேன். பயிற்சி மாணவரை ஊழியர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. கல்லூரியின் மேற்பார்வையாளர் வந்து போன நேரம் மிகக் குறைவு; என் முறைப்பாட்டுக்குப் பதில் வருவதற்குள் அந்தத் தவணையே முடிந்துவிட்டது. மாணவர்களை அனுப்பும் நிலையங்களைத் தரம் பார்த்துத் தெரிவு செய்வதும், அடிக்கடி நேரில் சென்று பார்ப்பதும் கல்லூரியின் பொறுப்பே. தன் வளாகத்திலோ தன் நிருவாகத்திலோ மாணவர் பயிற்சிக்கான ஒரு பரிசோதனை முன்பள்ளியை (lab school) நடத்தும் கல்லூரிகள் இந்த விடயத்தில் தெளிவாக முன்னிற்கின்றன; அங்கே விரிவுரையும் செயன்முறையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

வீட்டுமொழி பற்றிய பாடமும் எனக்குக் குறையாகவே பட்டது. கனடாவின் பழங்குடிக் குழந்தைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து, அவர்கள் தம் மொழியைப் பேசியதற்காகத் தண்டித்த வரலாற்றை இந்தக் கற்கைநெறி மறைக்காமல் கற்பிக்கிறது. அப்பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த செயலுக்கான அழைப்புகளில் பன்னிரண்டாவது, பழங்குடிக் குடும்பங்களின் பண்பாட்டுக்கு ஏற்ற குழந்தைப்பருவக் கல்வியைக் கோருகிறது என்பதையும் வகுப்பில் படித்தோம். அவ்வளவு தெளிவாக வரலாற்றைச் சொன்ன பின், வீட்டில் தமிழோ சோமாலியோ மண்டரினோ பேசும் இரண்டு வயதுக் குழந்தை ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் அறைக்குள் முதன்முதலாக வரும்போது கல்வியாளர் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது. “வீட்டுமொழியை மதியுங்கள்” என்ற வாக்கியம் பல இடங்களில் வந்தது. அந்தக் குழந்தையின் மௌனத்தை எப்படி அவதானிப்பது, பேச்சு வளர்ச்சிக் குறைபாட்டையும் இரண்டாம் மொழியின் தொடக்க மௌனத்தையும் எப்படிப் பிரித்தறிவது, தாத்தாவும் அம்மம்மாவும் சொல்லும் தாலாட்டையும் கதையையும் அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பவற்றை நான் வேலையில்தான் கற்றேன். ரொறன்ரோ பெரும்பாகத்தில் இயங்கும் ஒரு கல்லூரிக்கு இது விருப்பப் பாடமாக இருக்க முடியாது.

புதிதாக வந்து படிப்பவர்கள் எழுத்து வேலையின் அளவைக் குறைத்து எண்ணக் கூடாது. அவதானிப்புகள், சிந்தனைக் குறிப்புகள், கற்பித்தல் திட்டங்கள், குழு ஒப்படைகள் என எல்லாமே ஆங்கிலத்தில், மேற்கோள் முறைமை தவறாமல் எழுதப்பட வேண்டியவை. கல்லூரிகளின் எழுத்து உதவி நிலையங்கள் இலவசமானவை, நன்றாகவும் செயற்படுகின்றன. முதல் வாரத்திலிருந்தே அங்கு செல்வது நல்லது. கோட்பாட்டுப் பாடங்களை இணையவழியில் படிப்பதில் பெரிய இழப்பில்லை. ஆனால் பிள்ளைகளின் நடத்தைக்கு வழிகாட்டுவது பற்றிய பாடத்தையும் இணையவழியில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். குரலின் தணிவையும் உடலின் உயரத்தைக் குறைத்து அமர்வதையும் திரையில் பழக முடியாது. செலவைப் பொறுத்தவரை, மாகாணவாசிகளுக்கு இது தாங்கக்கூடிய படிப்பு. மாகாண மாணவர் உதவித் திட்டமும் உண்டு. உரிமம் பெற்ற நிலையத்தில் ஏற்கனவே உதவியாளராக வேலை செய்பவர்களுக்கெனத் தனியான தகுதி மேம்பாட்டு உதவித்தொகையும் உண்டு; அதை அறியாமலே பலர் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்திவிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் கட்டும் தொகையோ இதைவிடப் பன்மடங்கு.

சம்பளத்தைப் பற்றி வகுப்பில் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை என்பது என் மனக்குறை. 2022இல் ஒன்ராறியோ மத்திய அரசுடன் செய்துகொண்ட குழந்தைப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பின், அதில் இணைந்த நிலையங்களில் பதிவு பெற்ற கல்வியாளருக்கான அடிமட்டச் சம்பளம் மணிக்கு 18 டொலராக வைக்கப்பட்டு, 2024இல் 23.86 டொலராக உயர்த்தப்பட்டது. முன்பிருந்ததை நோக்க இது முன்னேற்றமே; ரொறன்ரோவில் வாடகை கட்டி ஒரு குடும்பத்தைத் தனி ஒருவராக நடத்த இது போதாது. 2010இல் தொடங்கப்பட்ட முழுநாள் பாலர் வகுப்புகளில் ஆசிரியருடன் இணைந்து பணியாற்றும் பாடசாலைச் சபை வேலைகளில் ஊதியமும் சலுகைகளும் மேல். ஆனால் கோடை விடுமுறையில் வருமானம் நின்றுவிடும். மேலே படிக்க விரும்புபவருக்கு, ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம் டிப்ளோமா முடித்தவர்களை நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்கிறது.

கல்லூரியைத் தெரிவு செய்பவர், வீட்டுக்கு அருகில் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், திறந்தநாளில் விரிவுரையாளரை நேரில் கண்டு கேட்க வேண்டும்: சொந்தமாகப் பரிசோதனை முன்பள்ளி உண்டா, செயன்முறைப் பயிற்சியின்போது கல்லூரி மேற்பார்வையாளர் எத்தனை முறை நேரில் வருவார், பயிற்சி நிலையம் பொருந்தாவிட்டால் அதே தவணைக்குள் மாற்றித் தருவார்களா, மாணவர் எழுதும் அவதானிப்புகளை யார் வாசித்துத் திருத்துகிறார்கள். இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கல்லூரியாக இருந்தால், ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேருந்தில் போக வேண்டியிருந்தாலும் அங்கேயே சேரலாம்.