போரே பார்க்காத சைக்கிளா, பாராசூட் சைக்கிளா?

பழைய ராணுவ சைக்கிள் சேகரிக்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி தடுமாறுவது இரண்டுக்கு நடுவில்: சுவிஸ் ராணுவத்தின் எம்ஓ-05, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் செய்த பிஎஸ்ஏ மடக்கு சைக்கிள். முதலாவது எந்தப் போருக்கும் போனதில்லை. இரண்டாவது 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கியது. பிஎஸ்ஏ-வுக்கு அதிக விலை சொல்வது முக்கியமாக இந்தக் கதைக்காகத்தான். ஓட்டிப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

எம்ஓ-05 1905-இல் வந்து, 1989 வரை பெரிய மாற்றமில்லாமல் தயாரானது. ஒரே அளவு ஃப்ரேம், ஒரே கியர், எடை சுமார் 23 கிலோ. ஆல்ப்ஸ் மலை நாட்டில் இதை மிதித்த சிப்பாய்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. முன் பிரேக் டயரின் மேலேயே ரப்பர் கட்டையை அழுத்துகிற வகை. மழையில் அதை நம்பவே கூடாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின் பிரேக்தான் துணை. பிற்கால வண்டிகளில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கும் உண்டு. ஆனாலும் 84 வருடம் ஒரே வடிவம் என்பது சேகரிப்பவருக்கு வரம். ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சக்கரம் 650பி அளவு. அது இப்போது மறுபடி புழக்கத்துக்கு வந்துவிட்டதால் டயருக்கும் அலைய வேண்டியதில்லை.

பிஎஸ்ஏ வேறு ஜாதி. வளைந்த இரட்டைக் குழாய் ஃப்ரேம், இரண்டு கீல், இறுக்கிப் பிடிக்க இறக்கை நட்டு. பெடல் என்று பலகை எதுவும் கிடையாது, உள்ளே தள்ளிவிடக்கூடிய வெறும் கம்பிதான். ஹேண்டில்பாரும் சீட்டும் முதலில் தரையில் படும்படி பாராசூட்டில் இறக்குவது திட்டம். ஆனால் கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானங்களில் ஜீப்பே வரத் தொடங்கியதும் அந்தத் தேவை குறைந்துபோனது. நார்மண்டிப் படங்களில் இந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்குபவர்களில் பலர் கனடாவின் காலாட்படையினர்.

சிக்கல் போருக்குப் பிறகுதான் ஆரம்பம். மிச்சமானவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் சீட்டை மாற்றினார்கள், சாதாரண பெடல் போட்டார்கள், பச்சைக்கு மேல் வேறு பெயிண்ட் அடித்தார்கள். அசல் கம்பிப் பெடலோடு முழு வண்டி கிடைப்பது அரிது. "இது ஆர்னெம் போன வண்டி" என்று, அதாவது 1944-இல் பிரிட்டிஷ் பாராசூட் படை இறங்கிச் சண்டையிட்ட நெதர்லாந்து நகரத்துக்குப் போனது என்று, விற்பவர் சொன்னால், காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கதைக்குக் காசு தராதீர்கள்.

உதிரிப் பொருள்களிலும் இதே கதைதான். சுவிஸ் தோல் பைகளில் தைத்தவர் பெயரும் வருடமும் குத்தியிருக்கும், வருடம் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று சுலபமாகப் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் ராணுவப் பொருளுக்கு அம்புக்குறி முத்திரை. அதை யார் வேண்டுமானாலும் ஓர் உளியும் சுத்தியலும் வைத்து அடித்துவிடலாம்.

அமெரிக்காவின் ஜி-519? அதை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். கொலம்பியா, ஹஃப்மன் இரண்டு நிறுவனங்களும் செய்த பலூன் டயர் வண்டி. சிவில் மாடலைப் பச்சை அடித்து விற்பவர்கள் இதில் அதிகம்.

முதல் வண்டி என்றால் எம்ஓ-05 வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டவும் செய்யலாம். பிஎஸ்ஏ-தான் வேண்டும் என்றால், சரி, பணம் கொடுக்கும் முன் ஒருமுறை மடக்கி விரித்து, நட்டை இறுக்கி, ஏறி உட்கார்ந்து பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் அது சுவரில் மாட்ட மட்டும்தான். விலையையும் அதற்கேற்ப பேசுங்கள்.